சாமி புத்தகமும் சாமியைப் பற்றிய நாவலும்: மதுரை வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வைகையின் வடகரையில், செல்லூரில் ஒரு வீட்டின் முன்னறையில், இரண்டு இரும்பு பீரோக்களில் அடங்கும் அளவுக்கு நூல்களை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் இரவல் கொடுத்து வருகிறோம். வருபவர்களில் பாதிப்பேர் சமயம் சார்ந்த நூல்களையோ, சமயத்தைக் களமாகக் கொண்ட கதைகளையோ கேட்கிறார்கள். அவர்களுடைய ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சாமி புத்தகம் ஏதாவது படிக்கணும். எதில் ஆரம்பிக்கிறது?

விடை சொல்வதற்கு முன் நான் திருப்பி ஒன்று கேட்பது வழக்கம்: நாள்தோறும் ஓதுவதற்கா, கதையை அறிந்துகொள்வதற்கா, இவையெல்லாம் எப்படித் தோன்றின என்று ஆராய்வதற்கா? ஓதுவதற்கென்று வந்தவரிடம் ஆய்வு நூலைக் கொடுத்தால் முன்னுரையைத் தாண்டமாட்டார். ஆராய வந்தவரிடம் பாராயணப் புத்தகத்தைக் கொடுத்தால் மறுவாரமே திருப்பித் தந்துவிடுவார். நூல் நல்லதா என்பது அதற்குப் பிறகு எழ வேண்டிய கேள்வி.

கதையை அறிய விரும்பும் மதுரைக்காரருக்கு நான் முதலில் எடுத்துத் தருவது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்துக்கு எழுதப்பட்ட உரைநடைச் சுருக்கம் ஏதேனும் ஒன்றை. மதுரைக் காண்டத்தில் 18, கூடற் காண்டத்தில் 30, திருவாலவாய்க் காண்டத்தில் 16 என 64 படலங்கள், ஒவ்வொன்றும் தனிக்கதை. வைகை, பொற்றாமரை, ஆனைமலை, நாகமலை, பசுமலை என்று தாம் நாள்தோறும் பார்க்கும் இடங்களே கதையில் வருவதால், படிப்புப் பழக்கம் இல்லாதவர்கள்கூட விடாமல் படித்து முடித்துவிடுகிறார்கள். ஆவணி மூலத் திருவிழாவில் கருங்குருவிக்கு உபதேசித்தது, நாரைக்கு முத்தி கொடுத்தது, வளையல் விற்றது, பிட்டுக்கு மண் சுமந்தது என்று நாளுக்கொரு லீலை நடக்கும். அன்றைய படலத்தைக் காலையில் படித்துவிட்டு மாலையில் கோயிலுக்குச் செல்லுங்கள் என்று நான் சொல்வதுண்டு. அந்தப் பத்து நாட்களில் எங்கள் பீரோவில் திருவிளையாடல் ஒரு படிகூட மிஞ்சுவதில்லை.

உரைநடையில் படித்தால் போதுமா, பாட்டையே படிக்கணுமா?

போதும், முதல் முறைக்கு. மூலத்தில் 3,300-க்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. பழக்கமில்லாதவர் நேராக அவற்றில் இறங்கினால் தொடக்கத்தில் வரும் திருநகரச் சிறப்பிலேயே களைத்துவிடுவார். கதையை உரைநடையில் தெரிந்துகொண்டு, பிடித்த ஒரு படலத்தை மட்டும் உரையோடு படிப்பது நல்லது. ந. மு. வேங்கடசாமி நாட்டாரின் உரை சொற்பொருளையும் இலக்கணக் குறிப்பையும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போவதால், ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்கு அதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது.

மண் சுமந்த படலத்தில் தொடங்கலாம். வந்தியும் பிட்டும் பிரம்படியும் தெரியாத மதுரைக்காரர் இல்லை என்பதால், பாட்டின் சொல் புரியாத இடத்திலும் கதை கைகொடுக்கும்.

சினிமாவில் வரும் தருமியும் புராணத்தில் வரும் தருமியும் ஒண்ணுதானா?

பெயர் ஒன்று, ஆள் வேறு. 1965-இல் வந்த திருவிளையாடல் திரைப்படத்தில் நாகேஷ் நடித்த தருமி நகைச்சுவைக்காக வளர்த்தெடுக்கப்பட்ட பாத்திரம். பரஞ்சோதியாரின் தருமி, தாய் தந்தையை இழந்து தனியனாக நிற்கும் ஆதிசைவ இளைஞன். திருமணம் செய்துகொள்வதற்குப் பொருள் வேண்டும் என்று இறைவனிடம் முறையிடுகிறான். இறைவன் எழுதிக் கொடுத்ததாகப் புராணம் சொல்லும் ‘கொங்குதேர் வாழ்க்கை’ என்னும் பாட்டு, இறையனார் பெயரில் குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக இன்றும் இருக்கிறது.

திரைப்படம் ஒரே காட்சியில் முடித்துவிடும் நக்கீரர் வழக்கு, புராணத்தில் அடுத்த படலமாகிய கீரனைக் கரையேற்றிய படலத்துக்கும் நீள்கிறது. படம் பார்த்துவிட்டு நூலுக்கு வருபவர்களை நான் குறைவாக எண்ணுவதில்லை. எங்கள் வாசகர்களில் பலர் அந்த வழியாக வந்தவர்களே.

அழகர் தங்கச்சி கல்யாணத்துக்குத் தாமதமா வந்து கோவிச்சுக்கிட்டுப் போன கதை எந்தப் புத்தகத்தில் இருக்கு?

திருவிளையாடற் புராணத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் திருமணப் படலத்தில் திருமால் உரிய நேரத்தில் உடனிருந்து, தடாதகைப் பிராட்டியாகிய மீனாட்சியின் கையை இறைவன் கையில் வைத்து நீர் வார்த்துக் கொடுக்கிறார். தாமதமும் இல்லை, கோபமும் இல்லை. அழகர் ஆற்றில் இறங்குவதற்குக் கோயில் மரபு கூறும் காரணம் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் அளிப்பது. தாமதமாக வந்த அண்ணன் கதை மக்கள் வாய்மொழியில் வாழ்வது.

இதைக் கேட்டதும் சிலர் முகம் வாடுகிறார்கள், அவ்வளவு காலம் நம்பியது பொய்யாகிவிட்டது என்று. அப்படி வாட வேண்டியதில்லை. ஏட்டில் இல்லாத கதை ஏன் இத்தனை ஊர்களில் இவ்வளவு உறுதியாகச் சொல்லப்படுகிறது என்பது அருமையான கேள்வி. அதைத் தொடர விரும்புவோர்க்கு, தொ. பரமசிவன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 1989-இல் ‘அழகர் கோயில்’ என்ற நூலாக வந்திருக்கிறது. கோயிலோடு வெவ்வேறு சமூகத்தார் கொண்டிருக்கும் உறவையும், விழாவையும், வழக்குக் கதைகளையும் ஆய்வாளரின் கண்ணோடு பார்க்கும் நூல் அது. பக்தி நூல் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். ஆனால் பக்தர்களும் படிக்கத்தக்கது.

அப்போ புராணமெல்லாம் நடந்ததா, கற்பனையா?

இந்த இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு பிரித்தால் புராணம் இரண்டிலும் அடங்காது. பரஞ்சோதியாருக்கு முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பி இதே 64 திருவிளையாடல்களைப் பாடியிருக்கிறார். இருவருக்கும் கதைகளின் வரிசையிலும் விவரத்திலும் வேறுபாடுகள் உண்டு. அந்த வேறுபாட்டை யாரும் பிழை என்று சொல்லவில்லை. வரலாறு வேண்டுவோர் கல்வெட்டுகளுக்குச் செல்ல வேண்டும். ஓர் ஊர் தன் இறைவனை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று அறிய விரும்புவோர்க்குப் புராணம்.

குளிக்காம, பஸ்ஸில் போகும்போது, போனில் திருவாசகம் படிக்கலாமா?

ஓதுவதற்கு முறை உண்டு. படிப்பதற்கு அந்த முறை கட்டாயமில்லை என்பதே என் கருத்து. பூசையில் அமர்ந்து ஓதுபவர் தம் வீட்டு ஆசாரப்படி செய்யட்டும். சொல்லின் பொருளறிவதற்காகப் பேருந்தில் கைபேசியைத் திறந்து நான்கு வரி படிப்பவரைத் தடுக்க எனக்கு மனம் வருவதில்லை. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் நம் மேலூர்ப் பக்கம்தான். அவ்வூருக்குப் போகும் வழியில் அவருடைய பாட்டைப் படிப்பது குற்றமாகுமா?

திருவாசகத்தின் 51 பகுதிகளில் சிவபுராணத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நின்றுவிடுபவர்கள் மிகுதி. திருவம்மானை, திருப்பூவல்லி, திருச்சாழல் ஆகியவற்றையும் படியுங்கள். பெண்கள் விளையாட்டுப் பாட்டின் ஓசையில் அமைந்திருப்பதால் அவை எளிதில் நாவில் ஏறும். மூலப் பாடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் அதற்கு நம்பத்தக்க இடம். அதன் அலுவலகம் மதுரையில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். சங்கம் வளர்த்த ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறதே தவிர, உலகெங்கும் பரவியுள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த தொகுப்பு அது.

மகாபாரதத்தை வீட்டில் வச்சுப் படிச்சா சண்டை வரும்னு மாமியார் சொல்றாங்க. நிஜமா?

பங்காளிச் சண்டையின் கதை என்பதால் எழுந்த அச்சம் அது. ஆனால் தமிழ்நாட்டில் பாரதம் ஒருபோதும் மறைத்து வைக்கப்பட்டதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் ஊர் கூடி அமர்ந்து பாரதம் கேட்கிறார்கள். கூத்தாக இரவு முழுவதும் ஆடுகிறார்கள். ராஜாஜியின் உரைநடைப் பாரதம் எத்தனையோ வீடுகளில் பள்ளிப் பிள்ளைகள் முதல் வாசித்த பெரிய புத்தகமாக இருந்திருக்கிறது.

இருந்தாலும், புத்தகத்துக்காக மாமியாரோடு சண்டையிட்டால் அவர் சொன்னது உண்மையாகிவிடும். அவர் மனம் வருந்துவதாக இருந்தால் எங்கள் முன்னறையில் வந்து அமர்ந்து படித்துவிட்டுப் போங்கள். அப்படிப் படித்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு குறிப்பு: வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவங்களோடு நின்றுவிடும். பதினெட்டுப் பருவமும் வேண்டுவோர், ம. வீ. இராமானுஜாசாரியார் பெருமுயற்சியால் வெளிவந்த கும்பகோணம் பதிப்பு என வழங்கும் பெருந்தொகுதிகளைத் தேட வேண்டும்.

சமய நாவல்னா பக்தி நாவலா?

இந்தக் குழப்பத்தால் விளையும் வருத்தங்களே அதிகம் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். சமயம் வரும் கதைகளில் குறைந்தது மூன்று போக்குகள் உண்டு. ஒன்று, புராண இதிகாசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மூலம் கேட்காத கேள்வியைக் கேட்பது. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ சிறுகதையில், இராமனால் கல் நீங்கிய அகலிகை, சீதை தீக்குளித்த செய்தியைச் சீதையின் வாயாலேயே கேட்டு மீண்டும் கல்லாகிறாள். எம். வி. வெங்கட்ராமின் ‘நித்தியகன்னி’, குதிரைகளுக்கு விலையாக மன்னர்களிடம் மாறி மாறி ஒப்படைக்கப்படும் யயாதியின் மகள் மாதவியின் கதை. பாரதத்தின் கிளைக்கதையாகக் கடந்துபோகும் அவளை அந்த நாவல் நடுவில் நிறுத்துகிறது.

இரண்டாவது, சமயம் ஓர் ஊரின் வாழ்க்கையில் எப்படிக் கலந்திருக்கிறது என்று காட்டுவது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ குமரி மாவட்டக் கடற்கரை முஸ்லிம் ஊர் ஒன்றில் தொழுகையும் பள்ளிவாசலும் நம்பிக்கையும், அவற்றின் பெயரால் நடக்கும் அதிகாரமும் எப்படி ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன என்பதைச் சொல்கிறது. அது இஸ்லாத்தைப் பற்றிய நூல் அன்று. ஒரு முஸ்லிம் ஊரைப் பற்றிய நூல். இந்த வேறுபாட்டை வாங்கிச் செல்பவரிடம் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, தத்துவத்தையே கதையாக்குவது. 1997-இல் வந்த ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ அவ்வகை. கற்பனையான ஒரு கோயில் நகரத்தில் பல தத்துவ தரிசனங்கள் மோதுகின்றன. அதன் பெயரைப் பார்த்துப் பெருமாள் கதை என்று எண்ணி எடுத்துச் செல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதல் நூறு பக்கம் தாண்டியவர்கள் கடைசிவரை போய்விடுகிறார்கள் என்பது என் கணக்கு.

இந்த மூன்றிலும் பக்தி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பக்தியை வளர்ப்பதற்காக எழுதப்பட்ட கதைகளும் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தேடுபவர்களுக்கு அவற்றையே கொடுக்க வேண்டும், மூக்கைச் சுளிக்காமல்.

தினமும் கோயிலுக்குப் போற அம்மாவுக்கு நாவல் வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கேட்டுக்கொண்டு. நான் கேட்காமல் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். விடியற்காலையில் கோயிலுக்குச் செல்லும் முதிய அம்மையார் ஒருவர் கதைப் புத்தகம் கேட்டார். அட்டையில் கோபுரம் இருந்த நாவல் ஒன்றை, நானே முழுதும் படித்திராத நிலையில், எடுத்துக் கொடுத்துவிட்டேன். கோயிலில் பணிசெய்யும் ஒரு குடும்பத்தின் காமமும் பொறாமையும்தான் அதன் பொருள். மறுவாரம் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். “தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா நான் கேட்டது இது இல்லப்பா” என்றார். அதற்குப் பிறகு அவர் இரண்டு மாதம் வரவில்லை.

அன்றுமுதல் ஒவ்வொரு நூலின் உள்ளட்டையிலும் ஓதல், கதை, ஆய்வு, நாவல் என்று பென்சிலால் எழுதிவைக்கிறோம். முழுதும் படிக்காத நூலைப் பரிந்துரைப்பதில்லை. அந்த அம்மையார் திரும்பி வந்தபோது பெரியபுராண வசனத்தைக் கொடுத்தேன். காரைக்காலம்மையார் கதையை முடித்துவிட்டு, பேயுருவம் வேண்டிப் பெற்றதைப் பற்றி அரைமணி நேரம் அவர் பேசியதைக் கேட்டபோது, கடினமான கதை அவருக்கு ஆகாது என்று நான் நினைத்திருந்ததும் தவறு என்று தெரிந்தது.

நான் இந்து. சீறாப்புராணம், தேம்பாவணி எல்லாம் எனக்குப் புரியுமா?

கம்பராமாயணம் புரிந்தவருக்கு இவை இரண்டும் அந்நியமாக இரா. உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்களில் நபிகள் நாயகத்தின் வாழ்வைப் பாடுகிறது. அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பொழிந்து, ஆறு பெருகி, வயலில் உழவர் இறங்குவதைப் படிக்கும்போது, பாலைவனம் எங்கே போயிற்று என்று முதலில் வியப்பாக இருக்கும். தமிழ்க் காப்பியம் நாட்டுவளம் சொல்லித்தான் தொடங்கும் என்ற மரபைப் புலவர் விட்டுக்கொடுக்கவில்லை. அறிமுகமில்லாத அரபுச் சொற்களுக்கு அருஞ்சொற்பொருள் உள்ள பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.

தேம்பாவணி சூசையப்பரை வளன் என்ற பெயரில் தலைவனாக்கிய காப்பியம். 36 படலங்கள், 3,615 பாடல்கள். இத்தாலியில் 1680-இல் பிறந்து, 1606-இல் இராபர்ட் தெ நோபிலி வந்து சேர்ந்த அதே மதுரை மிஷனின் துறவியாகப் பின்னாளில் வந்த வீரமாமுனிவர் பாடியது. எருசலேமின் வருணனையில் சிந்தாமணியின் சாயலைப் பார்க்கலாம். முழுதும் படிக்க நேரமில்லாதவர், தாய் எலிசபெத் அம்மையின் மறைவுக்கு அவர் மகன் கருணையன் புலம்பும் பகுதியைத் தேடிப் படியுங்கள். ஏசுநாதர் கதையின் முன்பின் அறியாதவரும் கலங்கிவிடுவார்.

வேற்றுச் சமயத்தாரின் வேதத்தைக் கடன் வாங்குவோர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பேருந்தில் திருவாசகம் பற்றி நான் சொன்ன தளர்வு என் சொந்த மரபைப் பற்றியது. குர்ஆன் மொழிபெயர்ப்பைத் தரையில் வைக்காதீர்கள், அதன்மேல் வேறு பொருளை அடுக்காதீர்கள். அதை மதிப்பவர்கள் எப்படிக் கையாளுகிறார்களோ அப்படியே நாமும் கையாள்வது கடன் வாங்கியவரின் கடமை.

சிலப்பதிகாரம் சமய நூலா?

ஒரே சமயத்தின் நூல் என்று சொல்ல முடியாது. மதுரைக் காண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்: கண்ணகியோடும் கோவலனோடும் நடந்துவரும் கவுந்தியடிகள் சமணத் துறவி, வேட்டுவ வரியில் கொற்றவை வழிபாடு, ஆய்ச்சியர் குரவையில் மாயவன் பாட்டு. பௌத்தத்தை நேராக நிறுவும் காப்பியம் வேண்டுமானால் மணிமேகலை. இரண்டையும் அச்சில் நமக்குப் பெற்றுத் தந்தவர் உ. வே. சாமிநாதையர், முறையே 1892-இலும் 1898-இலும்.

சமணரைக் கழுவேற்றிய கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்றது?

திருவிளையாடலின் 63-ஆம் படலம் அது. பெரியபுராணம் எண்ணாயிரவர் என்கிறது. சுருக்க நூல்களில் சில இதை வெற்றிக் களிப்போடு சொல்கின்றன. சில, படலத்தையே விட்டுவிடுகின்றன. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அதைச் சொல்ல அவசரமில்லை. வளர்ந்த பிள்ளை கேட்டால், புராணம் நடந்ததா என்ற கேள்விக்கு மேலே சொன்ன விடையை நினைவூட்டிவிட்டு, ஆனைமலைக்கோ கீழக்குயில்குடி சமணமலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். கதையில் சமணரை வாதில் வெல்லும் சம்பந்தரின் காலம் 7-ஆம் நூற்றாண்டு. அங்கே பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகளும், அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் வரும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு பிற்பட்டவை. கழுவேற்றத்துக்குப் பிறகும் மதுரையைச் சுற்றி யார் இருந்தார்கள் என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

கடவுளை இழிவாக எழுதியிருக்குன்னு சொல்றாங்களே, அந்த மாதிரி நாவலை ஏன் வச்சிருக்கீங்க?

சொல்பவர் படித்தாரா என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஒரு பக்கத்தின் படத்தைக் கைபேசியில் பார்த்திருப்பார். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பற்றிய வழக்கில் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத நூலை வாசகர் ஒதுக்கிவிடலாம், படிக்கும்படி எவரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்னும் கருத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாங்களும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. உள்ளட்டைக் குறிப்பு அதற்காகவே இருக்கிறது. படித்து முடித்து, மனம் புண்பட்டது என்று சொல்பவரோடு மட்டும் நான் வாதிடுவதில்லை. எந்த இடம் என்று காட்டச் சொல்லி, அதை இருவரும் சேர்ந்து இன்னொரு முறை படிப்போம்.

எங்கே வாங்கலாம்?

பாராயண நூல்களும் சிறு புராண வசனங்களும் முன்பு புதுமண்டபத்துக் கடைகளில் கிடைத்தன. அக்கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. நாவல்களுக்குத் தமுக்கம் புத்தகத் திருவிழாவை எதிர்பார்த்திருப்பது சிக்கனம். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டுமானால் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குச் செல்லுங்கள். கண்பார்வை குறைந்த பெரியவர்களுக்கு வாங்கும்போது விலையைவிட எழுத்தின் அளவைப் பாருங்கள்.

என் பையன் சாமியே இல்லைங்கிறான். அவனுக்கு என்ன கொடுக்கிறது?

அவனை மாற்றுவதற்காக எதையும் கொடுக்காதீர்கள். கல்லூரி வயதுப் பிள்ளைகள் அந்த நோக்கத்தை அட்டையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘நட்ட கல்லும் பேசுமோ’ என்று கேட்ட சிவவாக்கியரைப் படித்திருக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள். அல்லது புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. சென்னைத் தெருவில் கடவுள் வந்து கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி சாப்பிட்டு, அவர் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கட்டுகிறார். யாருடைய ஆயுள் என்ற பேச்சு வரும் இடத்தில் நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரேபோல் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கொடுத்த பிறகு ஒரு மாதம் அதைப் பற்றிக் கேட்காமல் இருங்கள். அவனே பேச்செடுத்தால், அதற்கு முன் நீங்களும் அதைப் படித்திருக்க வேண்டும். எங்களிடம் இரண்டு படிகள் இருக்கின்றன.